காலியாக இருந்த கை

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேனின் உச்சியில் ஏறி உட்கார்ந்து ஓட்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது ஓட்டுநர்கள் கட்டுப்பாட்டு அறையில் ஏசி காற்றில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி இரண்டு கைப்பிடிகளை அசைத்துக் கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டி இறக்குகிறார்கள். வெயில் இல்லை, படி ஏற வேண்டாம், கொடுத்துவைத்தவர்கள் என்று ஊரில் பேச்சு. அவர்களுடைய அவஸ்தை ஊருக்கு எங்கே தெரியும்? பெட்டி அந்தரத்தில் இருக்கும்வரை கைப்பிடியை விடக் கூடாது. மூக்கு அரித்தாலும் விடக் கூடாது.

அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் யாருடைய கை காலியாக இருக்கிறதோ, அந்தக் கை இருவருக்கும் பொது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றுவது, வீட்டிலிருந்து போன் வந்தால் எடுத்து "அவரு கையில பெட்டி இருக்கு மைனி, பொறவு பேசுவாரு" என்று சொல்வது, லீவு கேட்டு எழுதிப்போடுவது எல்லாம் பக்கத்துக் கைதான். ஓட்டுநர் ரீகனின் மனைவிக்குப் போன வருஷம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியதே பக்கத்து நாற்காலி நயினார்தான். ரீகன் சொன்னான் என்று இரண்டு இதயப் படமும் சேர்த்து அனுப்பிவிட்டு, அன்று முழுக்க அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவரவர் தனக்குத் தானே மார்க் போடும் 'உரைகல்' என்ற கணினித் திட்டம் வந்தபோது இந்த வழக்கம்தான் குறுக்கே புகுந்தது.

ஜெசிந்தா பகல் ஷிப்ட்டின் தலைமை. வேலையில் சுத்தம், வாய்தான் பட்டாசுக் கடை. அவள் குரலை உயர்த்தினால் அறையில் எல்லாரும் ஹெட்செட்டின் ஒலியைக் குறைத்துக்கொள்வார்கள். பொறுப்பில் அவளுக்கு அடுத்த இடம் ஆறுமுகநயினாருக்கு. வயதில் மூத்தவர் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள். தலைமை என்பதால் அவர் அவளை மேடம் என்பார். இருவருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

அன்றைக்கு ரீகன் மச்சினி நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டான். அவனுடைய கிரேன் நாற்காலியில் ஜெசிந்தாவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நயினார். அவர் கையில் அலுவலகம் கொடுத்த டேப்லெட் பலகைத் திரை.

"மேடம், ஒங்களுக்கு செல்ஃப் அசெஸ்மென்ட் வந்திருக்கு. இன்னைக்கே போட்டு அனுப்பணுமாம். மொத கேள்வி வாசிக்கேன். 'பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்பேன்.' ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள எத்தன?"

"அண்ணாச்சி, பெட்டி தொங்கிட்டு இருக்கு. இப்பப் போயி இத வாசிக்கியளே. நீங்களே எதையாச்சும் போட்டு அனுப்பிருங்க."

"எதையாச்சுமா?"

"என்னைய ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

நயினார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக யோசித்து யோசித்துப் போட்டார். மத்தியானம் அவர் கிரேனில் உட்கார்ந்தார், அவருக்கான கேள்விகள் வந்தன. இப்போது காலியாக இருந்தது ஜெசிந்தாவின் கை. லாரிகளை அனுப்பாமல் இழுத்தடித்த ஆளிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டே அவள் அதையும் தட்டி அனுப்பினாள். அத்தோடு இரண்டையும் மறந்தும் போனாள்.

*

அடுத்த வாரம் ரீகன் ஒரு பெட்டியை லாரியில் கோணலாக இறக்கினான்.

"கண்ண எங்கல வச்சிருக்க, பொடதியிலயா?" என்று ஜெசிந்தா ஆரம்பித்தாள். அவள் முடித்ததும் காதில் ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரலேதான். சாயல் இல்லை, அதே குரல், அதே தூத்துக்குடிப் பேச்சு, ஆனால் பதற்றம் இல்லாமல்.

"இந்த இடத்துல நான் இப்பிடிச் சொல்லியிருப்பேன். 'ரீகன், தூக்கி மறுபடி வையி. அவசரமில்ல. ராத்திரி சரியாத் தூங்கலியா?'"

ஜெசிந்தா ஹெட்செட்டைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள். நேரே மாடியில் இருந்த மனிதவளப் பிரிவுக்குப் போனாள். உரைகல்லைக் கொண்டுவந்த திலீபன் அங்கேதான் இருந்தான். சென்னைக்காரன், நல்ல பையன், எல்லாவற்றுக்கும் சிரிப்பவன்.

"எவ அவ? என் கொரல்ல பேசுதா?"

"நீங்கதான் மேடம்."

"நான் அப்பிடிப் பேசவே மாட்டேன்."

"பேசுவேன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க." திலீபன் நாற்காலியைக் காட்டினான். "உக்காருங்க. இது கம்பெனி உங்களுக்கு வெக்கிற பரீட்சை இல்ல. மத்தவங்களோட உங்கள ஒப்பிடறதும் இல்ல. உங்களுக்கு நீங்களே மார்க் போட்டீங்க. அந்த மார்க்குக்கு ஏத்த ஒரு ஜெசிந்தாவை உரைகல் செஞ்சிருக்கு. நீங்க சொன்ன ஜெசிந்தாவும் நிஜ ஜெசிந்தாவும் எங்க பிரியறாங்களோ, அங்க மட்டும் அவங்க பேசுவாங்க."

"ஒத்துப்போனா?"

"வாயே தொறக்க மாட்டாங்க."

"அப்ப கொறச்சுப் போட்டவன் புத்திசாலி."

"அதுவும் நடக்காது மேடம். கொறச்சுப் போட்டுட்டு அதுக்கு மேல செஞ்சாலும் இடைவெளி இடைவெளிதான். அப்பவும் பேசும். அவங்கவங்க தன்னைச் சரியாத் தெரிஞ்சு வெச்சுக்கணும், அதுதான் நோக்கம்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னான். "உங்க இடைவெளி ரொம்பப் பெரிசா இருக்கு. அரையாண்டுக்குள்ள கொறையலன்னா தலைமைப் பொறுப்பு அடுத்தவங்களுக்குப் போயிடும். மறுபடி கிரேன் சீட்டுதான்."

அதை நான் போடவேயில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் உரைகல்லின் முதல் வரியே 'இவை என் சொந்தப் பதில்கள்' என்ற உறுதிமொழி. அடுத்தவரைப் போடச் சொன்னேன் என்றால் இன்றைக்கே நாற்காலி காலி. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

இறங்கும்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவள் போனால் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் யார்? நயினார். எட்டாத உயரத்துக்கு மார்க் போட்டு, அதிலிருந்து விழவைக்கப் பார்க்கிறாரோ? பூனை மாதிரி இருந்துகொண்டு இந்த மனிதர் இப்படிச் செய்வாரா என்று ஆத்திரப்பட்டாள். அந்த நாற்காலிக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்தச் சரக்குத் தளத்திலேயே முதல் பெண் தலைமை அவள். வழுக்கி விழுந்தால் கைதட்ட ஆள் காத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

அவரிடம் அவள் கேட்கவில்லை. பேச்சைக் குறைத்தாள். டீ வாங்கிக்கொடுப்பதை நிறுத்தினாள். நயினாரும் ஏனென்று கேட்கவில்லை. முன்னெல்லாம் மூலையில் இருந்து ஏதாவது ஒரு யோசனை சொல்லிக்கொண்டே இருப்பவர், இப்போது வேலையைப் பார்த்தார், வீட்டுக்குப் போனார். குற்றமுள்ள நெஞ்சு என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

"இந்த இடத்துல நான் அண்ணாச்சிகிட்ட நேராவே கேட்டிருப்பேன்" என்றது காதில் குரல்.

"நீ ஒன் சோலியப் பாரு" என்றாள் ஜெசிந்தா. அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

அந்தக் குரலுக்கு அறையில் ரெட்டை என்று பெயர் வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரு ரெட்டை இருந்தது. ஆனால் ஜெசிந்தாவின் ரெட்டையைப் போல வாய் ஓயாத ரெட்டை யாருக்கும் வாய்க்கவில்லை.

கொஞ்ச நாள் அவள் அதோடு சண்டை போட்டாள். கொஞ்ச நாள் அதைக் காதில் வாங்காமல் இருந்தாள். பிறகு ஒருநாள், அது பேசுவதற்கு முன்னால் நாமே அதைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ரீகன் மறுபடி பெட்டியைக் கோணலாக வைத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்கி மறுபடி வையி ரீகன், அவசரமில்ல" என்றாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ரெட்டை கப்சிப். ஜெயித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு பஜ்ஜி கூடுதலாகத் தின்றாள்.

அவளோடு அவளே போட்ட அந்தப் பந்தயத்தில் மாதங்கள் ஓடின. யாராவது பேசும்போது குறுக்கே பாயாமல் இருப்பதற்கு ஆரம்பத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, பிறகு அது வேண்டியிருக்கவில்லை. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் பிரித்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு தலைக்கு மேல் நின்று பார்க்காமலும் இருந்தாள், இதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அறையில் யாரும் ஹெட்செட் ஒலியைக் குறைப்பதில்லை. வீட்டில்கூட அவள் கணவன் பெலிக்ஸ், "ஒனக்கு மேலுக்கு ஒண்ணுமில்லேல?" என்று கவலையாகக் கேட்டான்.

அரையாண்டு நெருங்கியபோது திலீபன் மாடியிலிருந்து இறங்கி வந்து கைகுலுக்கினான். இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டதாம். நாற்காலிக்கு ஆபத்து இல்லை. அதற்கும் மேலே, புதிதாகக் கட்டிய தளத்துக்கு அவளையே முழுப் பொறுப்பாளராகப் போட மேலிடம் முடிவு செய்திருக்கிறதாம்.

"அப்புறம் நயினார் சாருக்கும் வாழ்த்து சொல்லணும்" என்றான் திலீபன். "ஆரம்பத்துலயே இடைவெளி கம்மிதான். இப்ப சுத்தமா இல்ல. தளத்துலயே சீரான ஆள் அவர்தான்."

நயினார் தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

*

ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு முற்பகலில் அது நடந்தது.

கிரேன் பெட்டியைப் பிடிக்கும்போது நான்கு மூலையிலும் பூட்டு விழ வேண்டும். ரீகனின் பெட்டியில் ஒரு மூலை சரியாக விழவில்லை. திரையில் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தது. ரீகன் தூக்கிவிட்டான். பெட்டி கப்பலைத் தாண்டிக் கரைப்பக்கம் வந்தபோது ஜெசிந்தா தற்செயலாகத் திரும்பினாள். பெட்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன் நிழலில் ஒரு லாரி, லாரிக்குள் ஓட்டுநர்.

பழைய ஜெசிந்தா கத்தியிருப்பாள். அந்தக் கத்தலில் ரீகனின் கை ஒரு வெட்டு வெட்டியிருக்கும். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.

"ரீகன், நல்லாக் கேளு" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "கைய அப்பிடியே நிறுத்து. ஒரு மூல பூட்டல. ஒண்ணும் ஆகல, பயப்படாத. லாரிய நான் வெலக்குதேன்... போயிட்டான். இப்ப மெல்ல எறக்கு. இன்னும் மெல்ல."

பெட்டி வெறும் தரையில் உட்கார்ந்தது. ரீகன் கைப்பிடிகளை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். ரெட்டை ஒன்றுமே சொல்லவில்லை.

ரீகனை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெட்டி அவ்வளவு நேரமும் நயினாரின் திரையிலும் தெரிந்திருக்கும். அவர் கண்ணுக்கு இது தப்பாது. அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, சாஞ்சத நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"தூக்கும்போதே."

கேட்டதும் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. லாரிக்குள் ஒரு மனிதன் இருந்தான், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீரா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் இத்தனை மாதப் பழக்கம் அவளைப் பிடித்து நிறுத்தியது. அவர் முடிக்கவில்லை என்று தெரிந்தது. காத்திருந்தாள்.

"வாயத் தொறந்துட்டேன் மேடம்," என்றார் நயினார். "அதுக்குள்ள நீங்க பேசிட்டிய. ஆனா ஒரு நிமிசம் தயங்கிட்டேன்லா, அது நெசம். எனக்கே என்னப் பாத்தா பயமா இருக்கு. என் ரெட்டை ஆரம்பத்துல தெனமும் அதத்தான் சொல்லிச்சு. நான் யாருக்காச்சும் ஒரு யோசன சொன்னா, 'இந்த இடத்துல நான் சும்மா இருந்திருப்பேன்'ங்கும். கூடக் கொஞ்சம் இழுத்துப் போட்டு வேல செஞ்சா, 'இது நம்ம வேலயில்லைன்னு விட்டிருப்பேன்'ங்கும். என் கொரல்லயே சொல்லிச்சு. எத்தன நாளைக்குத்தான் எதுத்துக்கிட்டே இருக்க?"

"ஏன் அப்பிடிச் சொல்லிச்சு? நீங்க அப்பிடி ஆளே இல்லையே."

நயினார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

"எல்லாத்துக்கும் மூணு மேடம்," என்றார். "மொதலேருந்து கடேசி வரைக்கும் மூணு. நீங்க போட்டதுதான. என்னைய அப்பிடித்தான் நெனச்சிருக்கிய போலன்னு விட்டுட்டேன்."

ஜெசிந்தாவுக்கு லாரிக்காரனோடு போட்ட சண்டை ஞாபகம் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். பார்க்காமலேயே நடுவில் இருந்த கட்டத்தைக் குத்திக்கொண்டே போன விரல். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்தில் அவள் உருவாக்கிவிட்ட மனிதனைத்தான் இவர் இத்தனை மாதமாகக் காதில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி அம்புட்டு ஒசத்தியாப் போட்டிய? என்னய விழத்தட்டத்தான்னு நெனச்சேன்."

"அட, அப்பிடியா நெனச்சிய?" நயினாருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நெசத்தத்தான் போட்டேன். நான் பெட்டிய கப்பல் சொவத்துல மோதவிட்டேன்லா, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எல்லாரும் வைஞ்சிட்டுப் போன பொறவு நீங்க வந்திய. இப்ப உக்காந்திருக்கியளே, இதே மாதிரி நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திய. நான் பேசி, அழுது, மூக்கச் சிந்தி முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. கேக்கறதுன்னா அதுதான? மத்த நேரம் கத்துவிய. அது அலுப்புல கத்துறது. அத நான் கணக்குல எடுக்கல."

*

"அடிப்படை மார்க்கைத் திருத்த ஒரே வழிதான் மேடம் இருக்கு" என்றான் திலீபன், ஹெட்செட்டோடு மாடிக்கு ஏறி வந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த ஜெசிந்தாவிடம். அவன் இப்போது சிரிக்கவில்லை. "அவர் சொந்தமாப் போடலன்னு பதிவு பண்ணணும். பண்ணா யார் போட்டாங்கன்னு வரும். உங்களுது யார் போட்டாங்கன்னும் வரும். ரெண்டு பேர் கணக்கும் ரத்தாயிடும். புதுத் தளம் கைய விட்டுப் போகும். இங்கயும் நீங்க மறுபடி முதல்லேருந்து பரிசீலனையில இருக்கணும். அவருக்குச் சுத்தமா இடைவெளியே இல்லயே, அப்படியே விட்டா என்ன?"

ரெட்டை ஏதாவது சொல்லும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"பதிவு பண்ணுங்க தம்பி" என்றாள்.

திலீபன் தட்டெழுதிக்கொண்டே கேட்டான். "இந்த மாதிரி செஞ்சது நீங்க ரெண்டு பேர் மட்டுந்தானே?"

ஜெசிந்தா சன்னல் பக்கம் பார்த்தாள். "அத அவங்கவங்கதான் சொல்லணும்."

அவன் கீழே வந்து கேட்டான். முதலில் கையைத் தூக்கியவன் ரீகன். நேரம் தவறாமைக்கு அவனுக்குக் கிண்டலாக ஐந்து போட்டவர் மறுபக்கத்துச் சீட்டுக்காரர். அதை நிஜமென்று நம்பிய ரெட்டையின் நச்சரிப்புத் தாங்காமல்தான் அவன் இப்போதெல்லாம் எல்லாருக்கும் முன்னால் வருகிறானாம். அவனைத் தொடர்ந்து ஒவ்வொரு கையாக எழுந்தது. கிரேனில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சேர்த்துத் தூக்கினார்கள்.

திலீபன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "தளத்துலயே ரொம்ப முன்னேறின அறை இதுதான். மத்த அறைகள்ல சொந்தமாப் போட்டவங்க எல்லாம் போட்ட எடத்துலயே நிக்கறாங்க. இத நான் மேல எப்படி எழுதறது?"

"உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்றார் நயினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூட்டத்தில் வாய் திறந்து ரொம்ப நாளாகியிருந்தது.

*

மறு மதிப்பீட்டு நாளன்று ஜெசிந்தா தன்னுடையதைக் காலையிலேயே கேன்டீன் மூலையில் உட்கார்ந்து முடித்தாள். ஒரு ஷிப்ட் பார்ப்பதைவிட அது அலுப்பாக இருந்தது. பிறர் பேச்சைக் கேட்பதற்கு முதலில் இரண்டு போட்டாள். நயினாரின் பக்கத்தில் தான் இழுத்துப் போட்ட நாற்காலியை நினைத்து, அதை அழித்து நான்கு போட்டாள்.

நயினார் கிரேனில் இருந்தார். அவருடைய பலகைத் திரை ஜெசிந்தாவின் மடியில். இந்தத் தடவை வாசிக்க மட்டும்தான் அவளுக்கு அனுமதி; பதில் அவருடையது. புது ரெட்டைகள் வரும்வரை யார் காதிலும் யாரும் இல்லை.

"கேள்விய வாசிக்கேன் அண்ணாச்சி. 'உடன் வேலை செய்பவர் தவறு செய்யப்போகிறார் என்று தெரிந்தால் வாய் திறந்து சொல்வேன்.' எத்தன?"

"மூணு" என்றார் நயினார், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

அது யாருடைய மூன்று என்று அவளுக்குத் தெரியும். அஞ்சு என்று சொல்ல வாய் அரித்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லி அவர் போட்டால் அது மறுபடியும் அவள் போட்டதுதான். பேசாமல் இருந்தாள். நயினாரின் பெட்டி கப்பலிலிருந்து எழுந்து, கடலைத் தாண்டிக் கரைக்கு வந்தது. அவள் அப்போதும் பேசவில்லை.

திடீரென்று நயினார் நிமிர்ந்தார்.

"ஏல ரீகன்! ஒன் லாரி இன்னும் நேரா நிக்கல. எறக்காத, நில்லு!" அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. ரீகன் சட்டென்று நிறுத்தினான். கீழே லாரி நகர்ந்து நேரானது.

"சரி அண்ணாச்சி, தேங்க்ஸ்!" என்றான் ரீகன்.

நயினார் தன் பெட்டியை அலுங்காமல் லாரியில் வைத்தார். பூட்டுகள் விடுபடும்வரை பார்த்தார். பிறகு வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, வேர்வையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு, ஜெசிந்தாவின் பக்கம் நீட்டினார்.

"இங்க குடுங்க மேடம்" என்றார். ஐந்தைத் தானே அழுத்தினார். "அடுத்தது வாசிங்க."